ரெக்கார்டு நோட்டில் இருக்கும் வெங்காயச் செல்

"சயின்ஸ் படிக்கிற பிள்ளைக்கு ஓவியமும் பாட்டும் எதுக்கு?" என்று கேட்பவர்கள் ஒரு வகுப்பின் ரெக்கார்டு நோட்டுகளை வரிசையாகப் புரட்டிப் பாருங்கள். வெங்காயத் தோல் என்று எல்லாரும் ஒரே செங்கல் சுவரைத்தான் வரைந்திருப்பார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் நட்டநடுவில் ஓர் உட்கரு. அது பாடப்புத்தகப் படம், ஸ்லைடில் இருப்பது வேறு.

செல்லின் பெரும்பகுதியை வாக்குவோல் என்ற சாறு நிரம்பிய பை அடைத்துக்கொள்வதால் உட்கரு சுவரோரம் ஒதுங்கிவிடும். பக்கச் சுவரோடு ஒட்டியது தட்டையாகத் தெரியும். நடுவில் மிதப்பதுபோல் தெரிவது பெரும்பாலும் மேல்சுவரிலோ அடிச்சுவரிலோ ஒட்டியிருப்பது. மைக்ரோஸ்கோப்பின் நுண்திருகை மெல்லத் திருப்பினால் ஒவ்வோர் உட்கருவும் வெவ்வேறு ஆழத்தில் துலங்கும். வரைந்து பழகிய கை இதைத் தவறவிடாது. கோட்டை எங்கே வைப்பது என்று அது ஒவ்வொரு முறையும் கேட்டாக வேண்டும்.

பழக்குவது கடினமில்லை. முதல் 5 நிமிடம் பென்சிலைத் தொடக்கூடாது, பார்க்க மட்டும்தான். பிறகு இரண்டு கண்ணும் திறந்தபடி, இடது கண் ஐபீஸில், வலது கண் தாளில். 2எச் பென்சில். 3 செல் போதும், ஆனால் அரைப் பக்கம் நிறைய வேண்டும். சின்னதாக வரைந்தால் சுவரின் தடிமனைக் காட்ட இடம் இருக்காது. கோடு ஒரே இழுப்பில் வரட்டும். அடர்த்தியைப் புள்ளிகளால் காட்டலாம், விரலால் தேய்த்து நிழல் போட வேண்டாம். தேய்த்துவிட்டால் பார்த்தது எது, அலங்காரம் எது என்று பிரிக்க முடியாது.

போட்டோ எடுத்தால் போதாதா என்பார்கள். அதில் ஓர் ஆழம்தான் தெளிவாக விழும். திருகைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததையெல்லாம் ஒரே படத்தில் சேர்ப்பது கைதான்.

1609-ல் கலிலியோவுக்குச் சில மாதம் முன்பே ஆங்கிலேயக் கணித அறிஞர் தாமஸ் ஹாரியட் தொலைநோக்கியில் நிலவைப் பார்த்து வரைந்துவிட்டார். அந்தப் படத்தில் மலை இல்லை. கலிலியோ ஓவியம் பயின்றவர், ஒளியும் நிழலும் மேடு பள்ளத்தை எப்படிக் காட்டும் என்று அறிந்தவர். இருட்டுப் பகுதிக்குள் தனித்து மின்னிய புள்ளிகள் வெயில் பட்ட மலையுச்சிகள் என்று அவருக்குப் பிடிபட்டது.

இசையும் அப்படித்தான். வெறும் தோல் மேளத்தில் அடிப்படை அதிர்வுக்கு அடுத்தது அதைப்போல் 1.59 மடங்கு. முழு மடங்கு இல்லை, அதனால்தான் சுதி சேராது. மிருதங்கத்தின் கரும்பசை அந்த மேலதிர்வுகளை 2, 3 என்ற முழு மடங்குகளுக்கு அருகில் கொண்டுவருகிறது. சி.வி. ராமன் 1920-ல் 'நேச்சர்' இதழில் இணைந்து எழுதியது இதைப் பற்றித்தான். வாசிக்கிற பிள்ளைக்கு அந்த வித்தியாசம் விரலிலேயே இருக்கிறது. அலைச் சமன்பாடு அதற்குப் பிறகு வந்து பொருந்தும்.

ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். அச்சடித்ததுபோன்ற அழகான செங்கல் சுவருக்கு மதிப்பெண்ணைக் குறையுங்கள். கோணல்மாணலாக இருந்தாலும் உட்கருவைச் சுவரோரம் வரைந்திருக்கும் நோட்டுக்கு முழுதாகப் போடுங்கள்.