61வது லெட்டர்ல என்ன இருந்துச்சு?

நாவல் எழுதிட்டு ஏஜென்ட் (எழுத்தாளர் சார்பா நாவலை பப்ளிஷர்கிட்ட விக்கறவர்) தேடறேன்னு வாயைத் தொறந்தா போதும், யாராவது ஒருத்தர் அமெரிக்க எழுத்தாளர் கேத்ரின் ஸ்டாக்கெட் கதையை அனுப்பி வெச்சிடுவாங்க. 'தி ஹெல்ப்' நாவலை 60 பேர் வேணாம்னாங்க, 61வது ஏஜென்ட் சரின்னாங்க, 2009ல புக் வந்துச்சு, வித்துத் தள்ளுச்சு, சினிமாவும் ஆச்சு, அதனால நீங்களும் விட்டுடாதீங்கன்னு ஒரு கைகூப்பற எமோஜியோட முடியும். எனக்கு அந்த "அதனால"ல தான் எரிச்சல். அந்தம்மா ஒரே லெட்டரை 61 தடவை அனுப்பிட்டு சும்மா உக்காந்திருக்கல. அவங்களே எழுதியிருக்காங்க, மூன்றரை வருஷம் ரிஜெக்‌ஷன் வர வர நாவலைத் திருத்திக்கிட்டே இருந்தாங்க, ஒரு கட்டத்துல வீக்கெண்ட்ல என்ன பண்றேன்னு ஃப்ரெண்ட்ஸ்கிட்ட பொய் சொல்ற அளவுக்குப் போயிருக்காங்க, அவ்ளோ வெக்கம். முதல் ஏஜென்ட் கையில போனதும் 61வது ஏஜென்ட் படிச்சதும் ஒரே பிரதியா இருந்திருக்கவே முடியாது. ஆனா ஃபார்வர்ட்ல நம்பர் மட்டும் தான் வருது, திருத்தின கதை வரமாட்டேங்குது.

இந்த உலகம் பரிச்சயம் இல்லாதவங்களுக்காக: இங்கிலீஷ்ல பெரிய பப்ளிஷர்ஸ் நிறைய பேர் ஏஜென்ட் மூலமா வராத நாவலைத் தொடவே மாட்டாங்க. அதனால முதல்ல ஏஜென்ட்டுக்கு நாவலை அறிமுகப்படுத்தற ஒரு பக்க க்வெரி லெட்டர், கூட ஒரு சினாப்சிஸ் (கதைச்சுருக்கம்), ஆரம்பப் பக்கங்கள் கொஞ்சம் அனுப்பணும். பிடிச்சா முழு மேனுஸ்கிரிப்ட் கேப்பாங்க. பிடிக்கலன்னா ரெண்டு வரி ரெடிமேட் பதில், பல பேர் அதுகூட இல்ல, பதிலே வரலன்னா வேணாம்னு எடுத்துக்கோங்கன்னு அவங்க சைட்லயே போட்டுருப்பாங்க.

இங்க தான் நம்மாளுங்க குழம்பறது. அம்பது ரிஜெக்‌ஷன் வந்துச்சுன்னு சொன்னா அதுல ஒண்ணுமே தெரியாதுங்க. எந்த இடத்துல விழுந்துச்சுன்னு பாக்கணும். யாருமே முழு நாவல் கேக்கலன்னா உங்க நாவலை இன்னும் ஒருத்தரும் படிக்கவே இல்லன்னு அர்த்தம், ரிஜெக்ட் ஆனது லெட்டரும் முதல் சில பக்கமும் தான், இல்லன்னா அந்த மாதிரி கதையே எடுக்காத ஏஜென்ட்டுக்கு அனுப்பியிருப்பீங்க, இல்லன்னா முதல் நாவலே ரெண்டு லட்சம் வார்த்தைன்னு பாத்ததும் மூடி வெச்சிருப்பாங்க. அதுக்காக நாவலோட கிளைமாக்ஸை மாத்தறவங்களை நான் பாத்திருக்கேன், பாவம், அந்த கிளைமாக்ஸ் வரைக்கும் யாரும் போகவே இல்லயே! மாறா முழுசா கேட்டு வாங்கிப் படிச்சிட்டு ரெண்டு மூணு பேர் ஒரே குறையைச் சொன்னா, நடுவுல தொய்யுதுன்னோ அந்த பாத்திரம் ஒட்டலன்னோ, அப்ப லெட்டரை எவ்ளோ பாலிஷ் போட்டாலும் பிரயோஜனம் இல்ல, நாவலுக்குள்ள இறங்கித்தான் ஆகணும். இதனால தான் ஒரே நாள்ல நூறு பேருக்கு அனுப்பாம கொஞ்சம் கொஞ்சமா அனுப்பச் சொல்றாங்க. ஒரு தடவை வேணாம்னு சொன்ன ஏஜென்ட்கிட்ட அதே நாவலோட திரும்பப் போறது ரொம்ப கஷ்டம்.

சரி, எல்லாம் சரியா பண்ணினா கெடச்சிடுமா? அதுவும் இல்ல. கேத்தரின் நிக்கோல்ஸ்னு ஒரு எழுத்தாளர் 2015ல எழுதின கட்டுரையைத் தேடிப் படிங்க. தன் பேர்ல 50 லெட்டர் அனுப்பினாங்க, ரெண்டு பேர் மேனுஸ்கிரிப்ட் கேட்டாங்க. அதே லெட்டர், அதே பக்கங்கள், ஒரு ஆம்பளை பேரைப் போட்டு 50 அனுப்பினாங்க, 17 பேர் கேட்டாங்க. இதைப் படிச்சதுக்கப்புறம் "நல்ல எழுத்து எப்படியும் ஜெயிக்கும்"னு யாராவது சொன்னா எனக்கு சிரிப்பு தான் வருது. ரிஜெக்‌ஷன் எண்ணிக்கையை வெச்சு நாவலோட தரத்தை எடை போடாதீங்கன்னு நான் சொல்றது ஆறுதலுக்கு இல்லங்க, கணக்கே அப்படித்தான் இருக்கு.

ஜமைக்கா எழுத்தாளர் மார்லன் ஜேம்ஸ் கதை இன்னும் சங்கடம். முதல் நாவல் கிட்டத்தட்ட 80 தடவை ரிஜெக்ட் ஆச்சு, மனுஷன் வெறுத்துப்போய் ஃபைலையே அழிச்சுட்டார், ஃப்ரெண்ட்ஸ் கம்ப்யூட்டர்ல இருந்த காப்பியைக்கூட விடல. அப்புறம் ஒரு எழுத்துப் பட்டறையில இன்னொரு எழுத்தாளர் கேட்டதால பழைய மெயில்ல தேடி எடுத்தார், 2005ல புக் வந்துச்சு, பத்து வருஷம் கழிச்சு வேற நாவலுக்கு புக்கர் பரிசு. இதுல விடாமுயற்சி எங்க இருக்கு? அவர் விட்டுட்டார்ங்க. வேற ஒருத்தர் தான் விடல. இதை யாரும் கைகூப்பற எமோஜியோட அனுப்பறதில்ல.

இன்னொண்ணு, இதை சத்தமா சொல்லணும். விடாம தேடறவங்களோட பசி நல்லா தெரிஞ்ச கூட்டம் ஒண்ணு சுத்திக்கிட்டு இருக்கு. படிச்சுப் பாக்க ஃபீஸ், எடிட் பண்ண இவ்ளோ, எங்க லிஸ்ட்ல சேர இவ்ளோன்னு கேட்டா அந்த நிமிஷமே எந்திரிச்சு வந்துடுங்க. ஒழுங்கான ஏஜென்ட் புக் வித்தா தான் சம்பாதிப்பாங்க, பொதுவா உள்நாட்டு விற்பனைல 15 சதவீதம், வெளிநாட்டு உரிமைல 20. அமெரிக்க ஏஜென்ட்கள் சங்கமே ரீடிங் ஃபீஸ் கூடாதுன்னு விதி வெச்சிருக்கு. நாப்பது ரிஜெக்‌ஷன் தாண்டின ஆளுக்கு "உங்க நாவல் பிரமாதம்"னு ஒரு மெயில் வந்தா அது எப்படி இருக்கும்னு எனக்குப் புரியுது, அதுக்காகத்தான் சொல்றேன்.

ஏஜென்ட் கெடச்சுட்டா எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனைக்கறவங்களுக்கு ஒரு தகவல். ஹாரி பாட்டர் எழுதின ரௌலிங் அனுப்பின ரெண்டாவது ஏஜென்ட்டே சரின்னு சொல்லிட்டார், ஏஜென்ட் விஷயத்துல அவங்களுக்கு பெரிய போராட்டமே இல்ல. அதுக்கப்புறம் 12 பப்ளிஷர் வேணாம்னாங்க. ஏஜென்ட் வந்ததும் லைன் மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கும், ரிஜெக்‌ஷன் மெயில் மட்டும் அவர் இன்பாக்ஸுக்குப் போகும்.