ஃபார்மட் பண்ணச் சொன்னவர்கள் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்

மூன்று நாளாக எழுதலாமா வேண்டாமா என்று மனதுக்குள்ளேயே போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நம் கேமிங் குழுவில் அந்தத் தம்பிக்கு நடந்ததைப் பார்த்தவர்களுக்கு முழுக்கதையும் சொல்ல வேண்டியதில்லை. பார்க்காதவர்கள், அவன் போட்ட கடைசி இரண்டு வாய்ஸ் மெசேஜையும் அதற்குக் கீழே வந்து விழுந்த சிரிப்பு ஸ்டிக்கர்களையும் போய்ப் பாருங்கள். பதினேழு வயதுப் பையன். குழுவில் சொன்னதைக் கேட்டு விண்டோஸை அழித்துவிட்டு, அதற்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டான். நண்பர்களோடு ஆடும் ஆன்லைன் கேம் அதில் ஓடவில்லை. "அண்ணா, நீங்க எல்லாரும் சொன்னதாலதான் அழிச்சேன்" என்று சொல்லும்போது குரல் உடைகிறது. அதற்குக் குழுவின் மூத்தவர் கொடுத்த பதில்: "ஓடலன்னா அந்த கேமை விட்டுடு. குப்பைய விட்டேன்னு சந்தோஷப்படு."

என் கோபம் முழுக்க அந்தப் பதிலின் மேல்தான். லினக்ஸ் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

என்ன கேம் ஆடுற? யாரோட ஆடுற? இந்த இரண்டு கேள்வியை ஒருவர்கூட அவனிடம் கேட்கவில்லை. நான் மேலே போய்ப் படித்துப் பார்த்தேன். அவன் முதலில் சந்தேகம் கேட்டதிலிருந்து டிஸ்க்கை ஃபார்மட் செய்தது வரை நூற்றுச் சொச்சம் மெசேஜ். லினக்ஸ் வகைகளில் (டிஸ்ட்ரோ என்பார்கள்) பஸைட்டா, கேச்சிஓஎஸ்ஸா, மின்ட்டா என்று ஒரு சண்டை. டெஸ்க்டாப் தோற்றத்துக்குக் கேடிஈயா க்னோமா என்று அதற்குள் இன்னொரு சண்டை. ஒருவர் தன் டெஸ்க்டாப்பை அலங்கரித்து ஸ்கிரீன்ஷாட் போட்டிருக்கிறார், அதற்குப் பாராட்டு வேறு. நடுவில் அவன் இரண்டு தடவை "நான் ஆடுறது ஆன்லைன் கேம்ணா" என்று சொல்லியிருக்கிறான். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவன் பயம் நியாயமானது. அவனிடம் இருப்பது ஏழாம் தலைமுறை இன்டெல். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதி வேண்டும், செக்யூர் பூட் என்ற தொடக்கப் பாதுகாப்பு வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கோ 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்துவிட்டது. அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை என்ற நிலையில் "லினக்ஸுக்கு மாறினா கேம் ஓடுமாண்ணா?" என்று கேட்டான். அடுத்த நிமிடமே பதில் வந்தது: "எல்லாம் ஓடும், புரோட்டான் இருக்கு." விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓடவைக்கும் மென்பொருள்தான் புரோட்டான். வீட்டில் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் மைக்ரோசாஃப்டின் நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் வரும், அதுவரை ஆற அமர யோசிக்கலாம் என்று எடுத்துச் சொல்ல ஓர் ஆள் இல்லை. அவசரமே இல்லாத இடத்தில் அவசரத்தை உண்டாக்கிவிட்டார்கள்.

"எல்லாம் ஓடும்" என்பது பாதி உண்மை. அந்தப் பாதி எவ்வளவு பெரிய சாதனை என்று எனக்கும் தெரியும். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டுவதற்காக 1993-இல் தொடங்கிய ஒயின் திட்டத்தின் தோளில் ஏறித்தான், ஸ்டீம் கேம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018 ஆகஸ்டில் புரோட்டானை வெளியிட்டது. விண்டோஸுக்காக எழுதிய கேம், விண்டோஸின் கிராபிக்ஸ் மொழியான டைரக்ட்3டி-யில் ஒன்றைக் கேட்கும். புரோட்டானுக்குள் இருக்கும் டிஎக்ஸ்விகே அதை வாங்கி, லினக்ஸிலும் ஓடும் கிராபிக்ஸ் மொழியான வல்கனுக்கு மாற்றிச் சொல்லும். டைரக்ட்எக்ஸ் 12 கேம் என்றால் அந்த வேலையை விகேடி3டி-புரோட்டான் பார்த்துக்கொள்ளும். கேமுக்குத் தான் எங்கே ஓடுகிறோம் என்பதே தெரியாது. 2022 பிப்ரவரியில் வால்வின் கையடக்க கேமிங் கருவியான ஸ்டீம் டெக் வந்ததே, அதற்குள் இருப்பது ஆர்ச் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ஸ்டீம்ஓஎஸ்தான். அதே மாதம் எல்டன் ரிங் என்ற கேம் வெளியாகி, விண்டோஸில் நல்ல கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களே அது திக்கித் திக்கி ஓடுகிறது என்று புலம்பினார்கள். ஷேடர்களை (திரையில் காட்சி வரையும் சிறு நிரல்கள்) முன்கூட்டியே தயார் செய்து அனுப்பியும், புரோட்டானில் மாற்றங்கள் செய்தும் அந்தத் திக்கலை ஸ்டீம் டெக்கில் வால்வ் குறைத்துக் காட்டியது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போதும் மறக்கவில்லை. தனியாக உட்கார்ந்து கதை ஆடுபவர் யாராவது என்னிடம் கேட்டால், எந்த கேம் லினக்ஸில் எப்படி ஓடுகிறது என்று ஆடுபவர்களே பதியும் புரோட்டான்டிபி தளத்தில் உங்கள் கேமின் பெயரைப் போட்டுப் பாருங்கள், பிளாட்டினமோ கோல்டோ தரமாக வந்தால் தைரியமாக மாறுங்கள் என்றுதான் சொல்வேன். இதுவரை எத்தனையோ பேருக்குச் சொல்லியும் இருக்கிறேன்.

மீதிப் பாதிதான் அந்தத் தம்பியின் தலையில் விழுந்தது. ஆன்டி-சீட், அதாவது ஆன்லைன் கேமில் ஏமாற்றுபவர்களைப் பிடிக்கும் மென்பொருள்.

ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ என்ற இரண்டு ஆன்டி-சீட்டும் 2021 செப்டம்பரிலேயே புரோட்டானுக்கு வழிவிட்டுவிட்டன. ஆனால் அந்த வழியைத் திறப்பதா மூடிவைப்பதா என்பது கேமை உருவாக்குபவர் கையில் இருக்கிறது. ஃபோர்ட்நைட் இன்றுவரை திறக்கவில்லை. வேலரன்ட் கேமின் ஆன்டி-சீட்டான வேன்கார்டு, விண்டோஸின் ஆழமான மையப்பகுதியான கெர்னலுக்குள்ளேயே போய் உட்காருவது. ஒயின் வேலை செய்வதோ கெர்னலுக்கு வெளியே. உட்கார வேன்கார்டுக்கு அங்கே இடமே கிடையாது. ஜிடிஏ ஆன்லைனில் 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ வந்தது, அத்தோடு லினக்ஸ்காரர்களுக்குக் கதவு சாத்தியாயிற்று. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் லினக்ஸில் அருமையாக ஓடிக்கொண்டிருந்தது. 2024 அக்டோபர் 31-ஆம் தேதி நிறுத்திவிட்டார்கள். நேற்று ஓடியது இன்று ஓடும் என்பதற்கே உத்தரவாதம் இல்லாத இடம் இது. இதையெல்லாம் அந்த மூத்தவர் அறியாதவர் இல்லை. நம்மில் பலருக்கும் பாடம் எடுத்தவரே அவர்தான். தெரிந்தும் சொல்லாமல் விட்டார் என்பதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

இது ஏன் இவ்வளவு சுடுகிறது என்று கேட்பவர்களுக்காக ஒன்றைச் சொல்கிறேன். இதுவரை எங்கேயும் எழுதியதில்லை.

நான் 2022-இல் விண்டோஸை முழுசாக எடுத்துவிட்டு மாறினேன். கல்லூரி நண்பர்கள் நாலு பேர், தினமும் இரவு பத்து மணிக்கு ஒரே ஸ்குவாடு. கேமின் பெயர் இங்கே வேண்டாம். ரொம்ப நாள் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஒருநாள் அப்டேட் வந்தது. பத்து மணிக்கு உள்ளே போனால் லாபியிலிருந்து என்னை வெளியே தள்ளியது. மறுபடி போனேன், மறுபடி தள்ளியது. புரோட்டானில் வேறு பதிப்பு போட்டுப் பார்த்தேன், ஃபைல்களைச் சரிபார்க்கச் சொன்னேன், ஒன்றும் நடக்கவில்லை. "டேய், நீ சரி பண்ணிட்டு வா, அதுக்குள்ள நாங்க ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடுறோம்" என்றான் ஒருத்தன். ஸ்டீமில் நண்பர்கள் பட்டியலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீலமாக இருந்த மூன்று பெயரும் ஒன்றன்பின் ஒன்றாகப் பச்சையாக மாறின, கேமுக்குள் போய்விட்டார்கள். ஹெட்செட்டைக் கழற்ற மனம் வரவில்லை. "லெஃப்ட்ல ஆளு, லெஃப்ட்ல ஆளு" என்று அவர்கள் கத்துவது கேட்கிறது. என் கை மவுஸை இடது பக்கம் நகர்த்துகிறது. திரையில் எனக்கு எதிரே இருப்பது வெறும் டெஸ்க்டாப்.

சரியாகும் சரியாகும் என்று இரண்டு வாரம் காத்திருந்தேன். ஆகவில்லை. அவர்கள் நாலாவதாக வேறொருவரைச் சேர்த்துக்கொண்டார்கள். அதில் தப்பே கிடையாது, அவர்களும் ஆட வேண்டுமில்லையா. "வேற கேம் ஆடலாம்டா" என்று அவர்களும் சொன்னார்கள், ஒரு வாரம் ஆடவும் செய்தார்கள். பிறகு பழைய இடத்துக்கே போய்விட்டார்கள். நாங்கள் போன் போட்டுப் பேசிக்கொள்கிற ஆட்கள் கிடையாது. வேலை, வீடு, கடன், உடம்பு, எல்லாமே அந்த வாய்ஸ் சாட்டில் ரவுண்டுக்கு ரவுண்டு நடுவில் பேசியதுதான். அவர்களில் ஒருவனின் அப்பா இறந்துபோனது எனக்குப் பதினைந்து நாள் கழித்து வேறொருவர் சொல்லித்தான் தெரிந்தது.

நான் விவரம் தெரிந்து எடுத்த முடிவு அது. இழந்தது என்ன என்று எனக்குத் தெரியும், தெரிந்தேதான் லினக்ஸிலேயே இருக்கிறேன். அந்தப் பையனுக்கு அந்த வாய்ப்பையே கொடுக்கவில்லையே நாம்.

இனி வரப்போகும் பதில்களுக்கு.

"கெர்னல் வரைக்கும் போற ஆன்டி-சீட் ஆபத்து, அதை ஒருத்தர் போடவே கூடாது" என்பார்கள். இதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். கெர்னலுக்குள் உட்காரும் ஒரு மென்பொருள் தவறினால் என்ன ஆகும் என்று 2024 ஜூலை 19 அன்று உலகமே பார்த்தது. கிரவுட்ஸ்ட்ரைக்கின் ஒரு கோளாறான அப்டேட், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையில் நின்றன. அது பாதுகாப்பு மென்பொருள், கேமுக்குச் சம்பந்தமில்லாததுதான். ஆனால் ஆபத்து அதே இடத்தில் இருக்கிறது. ஒரு கேம் ஆடுவதற்காகக் கம்ப்யூட்டரின் அடிமடியில் கைவைக்க விடுவது எனக்கும் பிடிக்கவில்லை, என் கம்ப்யூட்டரில் விடவும் மாட்டேன். இதை அந்தத் தம்பிக்கு ஃபார்மட் பண்ணுவதற்கு முன்னால் பொறுமையாக விளக்கியிருந்தால் அவனே யோசித்து முடிவெடுத்திருப்பான். எல்லாம் போன பிறகு எடுத்துவிட்ட கொள்கையை என்னால் ஏற்க முடியாது.

"நாம மாறினாதான் கம்பெனிகள் திரும்பிப் பார்க்கும்." 2025 அக்டோபர் ஸ்டீம் கணக்கெடுப்பில் லினக்ஸ் முதன்முறையாக 3 சதவீதத்தைத் தாண்டியது. எனக்கும் பெருமைதான். ஆனால் அந்த எண்ணில் ஒரு புள்ளி கூடுவதற்காக ஒரு பையனின் நண்பர்களைப் பிரித்துவிட நமக்கு யார் உரிமை கொடுத்தது?

"டூயல் பூட் போட்டிருக்கலாமே" என்று, அதாவது ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸையும் லினக்ஸையும் சேர்த்து வைத்திருக்கலாமே என்று, நேற்று ஒருவர் சொன்னார். போட்டிருக்கலாம்தான். நூறு மெசேஜில் ஒன்றாவது அதைச் சொல்லியதா? சொல்லியிருந்தாலும் பாதியில் நின்றிருக்கும். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை (முழுதாக அணையாமல் வேகமாகத் திறக்கும் வசதி) அணைக்காமல் லினக்ஸுக்கு வந்தால் விண்டோஸ் டிரைவில் எதையும் எழுத முடியாமல் போகும் என்பதையும், ஸ்டீம் லைப்ரரியை விண்டோஸ் முறையில் அமைந்த என்டிஎஃப்எஸ் டிரைவிலேயே வைத்துப் புரோட்டானில் ஓட்டினால் தொல்லை வரும் என்பதையும் கூட உட்கார்ந்து யாராவது சொல்லித்தர வேண்டும். முடிந்தால் இரண்டையும் தனித்தனி எஸ்எஸ்டி-யில் வைப்பதுதான் நிம்மதி.

என்விடியா கிராபிக்ஸ் கார்டின் டிரைவர் லினக்ஸில் இப்போது தேவலை என்று எழுத வருபவர்கள் தயவுசெய்து வேண்டாம், இந்தப் பேச்சே அதைப் பற்றியது இல்லை.

"பாத்தியா, லினக்ஸ் உருப்படாதுன்னு நான் அன்னைக்கே சொன்னேன்" என்று எனக்கு ஆதரவாக வந்த மூன்று பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன். நான் உங்கள் பக்கம் இல்லை. நீங்களும் அவனிடம் என்ன கேம் என்று கேட்கவில்லை. அவன் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 ஆடுபவனாக இருந்திருந்தால் நானே மாறச் சொல்லியிருப்பேன், அது லினக்ஸிலேயே நேரடியாக ஓடுகிறது. அதிலும் ஃபேஸ்இட் என்ற தனிப் போட்டித் தளத்தில் ஆடுபவன் என்றால் என் பதில் மாறியிருக்கும், அவர்களுடைய ஆன்டி-சீட் விண்டோஸுக்கு மட்டும்தான். மைக்ரோசாஃப்டின் சந்தா சேவையான பிசி கேம் பாஸில் டவுன்லோடு செய்து ஆடுபவன் என்றால் வேண்டாம் என்றிருப்பேன். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், என்ன கேம் என்று கேளுங்கள், யாரோடு ஆடுகிறான் என்று கேளுங்கள். அதற்குப் பிறகு டிஸ்ட்ரோ சண்டை போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, "மைக்ரோசாஃப்ட் ஜால்ரா." ஞாயிற்றுக்கிழமை இரவு நான் அவனுக்காக நாலு வரி எழுதியதும் எனக்குக் கிடைத்த பட்டம் இது. அதைப் போட்டவருக்கு முதல்முதலாக லினக்ஸ் நிறுவிக் கொடுத்தது நான். இரவு ஒரு மணி வரை வீடியோ காலில் இருந்து, பயாஸில் பூட் வரிசையை மாற்றுவதிலிருந்து எல்லாவற்றையும் கூடவே இருந்து சொல்லித்தந்தேன். முதல் கேம் ஓடியதும் அவர் துள்ளிக் குதித்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. அவரே எழுதியதைப் படித்தபோது ரொம்ப நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் இத்தனை வருஷமாகச் செய்ததற்கு இதுதான் பேரா?

சரி, என்னை விடுங்கள். திங்கட்கிழமை அந்தத் தம்பியோடு பேசினேன். பழைய விண்டோஸின் உரிமம் மதர்போர்டோடு பதிந்துதான் இருக்கிறது, அதனால் திரும்பப் போட்டுவிடலாம். என்னிடம் சும்மா கிடக்கும் எஸ்எஸ்டி ஒன்றை அவனுக்கு அனுப்புகிறேன். வந்ததும் விண்டோஸ் 10 போட்டு, நீட்டிப்பில் பதிந்து, அந்த கேமை இறக்க வேண்டும். மற்ற டிஸ்க்கை என்ன செய்யலாம் என்று கேட்டேன். "லினக்ஸை அழிக்க வேணாம்ணா, அது சூப்பரா இருக்கு. பசங்களோட ஆடுறதுக்கு மட்டும் இன்னொண்ணு இருந்தா போதும்" என்றான்.

மூத்தவர் இதைப் படிப்பார் என்று தெரியும். என்னிடம் நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம் அண்ணே. அவன் இன்னும் குழுவை விட்டுப் போகவில்லை, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பேசாமல் இருக்கிறான். அவனிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.