இடிக்காமலும் வீடு புதிதாகும்

மும்பை மாட்டுங்காவில் நாங்கள் குடியிருக்கும் மூன்று மாடிக் கட்டடம் 1940-க்கு முந்தையது. பழைய கட்டடங்களின் பழுதுபார்ப்புக்காக வாங்கும் செஸ் வரியைக் கட்டும் கட்டடங்களில் மிகப் பழைய ‘ஏ’ வகை. மொத்தம் 18 குடும்பங்கள், பாதிக்கு மேல் தமிழர்கள். இதை இடித்து 22 மாடி எழுப்புவதாக ஒரு பில்டர் வந்திருக்கிறார். சம்மதக் கடிதத்தில் நான் கையெழுத்திடவில்லை. “என்னப்பா இந்தப் பிடிவாதம்?” என்று மாடி வீட்டு மாமி கேட்டார். அவரிடம் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

மாநகராட்சிக் கணக்கில் சி1 என்றால் காலி செய்து இடித்தாக வேண்டும். நம் கட்டடம் அப்படியென்றால் முதல் கையெழுத்து என்னுடையதாக இருந்திருக்கும். ஆனால் நாம் பணம் போட்டு எடுத்த ஸ்ட்ரக்சுரல் ஆடிட் (கட்டட உறுதி ஆய்வு) சொல்வது சி2ஏ: ஒரு பகுதியை மட்டும் காலி செய்து பெரிய பழுதுபார்ப்பு. பொறியாளர் பின்பக்கப் பூச்சைக் கொத்திக் காட்டினார். பொதுக் கழிவறைக் குழாய்கள் வருடக்கணக்கில் கசிந்து, இரும்பு உத்தரங்கள் துருவேறிப் பருத்து, சிமெண்டை வெடிக்கச் செய்திருக்கின்றன. முன்பக்கத்துத் தேக்கு உத்தரங்களைத் தட்டினால் இன்றும் கணீரென்கின்றன! அந்தப் பின்பகுதியைப் புதுத் தூண்களின் மேல் எழுப்பி, வீட்டுக்கு வீடு கழிவறை வைக்கலாம். காற்றுக்காக விட்ட நடு முற்றத்தில் லிஃப்ட் ஏற்றலாம்.

வீட்டுக்காரரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். 1947 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வாடகையை 1940-ஆம் ஆண்டு அளவிலேயே நிறுத்தியது. அதன் இடத்தில் வந்த 1999 சட்டம் ஆண்டுக்கு 4 சதவீதம்தான் கூட்டவிட்டது. நாம் தரும் மாத வாடகையில் ஒரு பிளம்பரின் ஒரு நாள் கூலிகூடத் தேறாது. பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் அரசு வாரியம் 1969 சட்டத்தில் பிறந்தது இதற்காகத்தான். அதன் செலவு வரம்புக்கு மேல் ஆவதை நாம் போட வேண்டும். பகடி என்ற பெருந்தொகையை முன்பணமாகக் கொடுத்துக் குடிவந்தவர்கள் நாம், இந்த வீட்டில் நமக்கும் பங்கு உண்டு.

புதிய கட்டடத்தில் குறைந்தது 300 சதுர அடி கிடைக்கும் என்பது உண்மை. என் வீடு 210தான். எனக்கும் ஆசை இருக்கிறது. ஆனால் அடுத்த தெருவைப் பாருங்கள். காலி செய்தவர்களுக்குச் சில காலம் வாடகை வந்தது, பிறகு நின்றது. இடித்த பள்ளத்தில் இன்று மழைநீர் நிற்கிறது. என் நண்பனின் அப்பா அந்த வீட்டுச் சாவிக்காகக் காத்திருந்து, தொலைவிலுள்ள டோம்பிவிலி வாடகை வீட்டிலேயே காலமானார்.

51 சதவீதம் பேர் சம்மதித்தால் போதும், மற்றவர்களின் மறுப்பு எடுபடாது. எனவே ஞாயிறு கூட்டத்தில் கையெழுத்திடும் முன் ஆடிட் அறிக்கையின் தமிழாக்கத்தை உரக்கப் படிக்க அனுமதி கேட்டிருக்கிறேன். மாமியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.