பிரைமரியில் யாருக்கு ஓட்டு: மனசுக்குப் பிடித்தவருக்கா, ஜெயிப்பவருக்கா?

கட்சியின் வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் பிரைமரி தேர்தலின் தேதி நெருங்கினாலே டெக்சாஸில் எங்கள் டாலஸ் பக்கத்துத் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே பேச்சுதான்: "ஓட்டை வீணாக்காதீங்க, ஜெயிக்கிறவருக்குப் போடுங்க." நம்மோடு ஊரிலிருந்தே வந்த பேச்சு இது. பிரைமரிக்கு இது பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து.

ஊரில் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது நம் கையில் இல்லை. விருப்ப மனு வாங்குவார்கள், நேர்காணல் நடக்கும், கடைசியில் தலைமை பட்டியல் வெளியிடும். அதற்குப் பிறகுதான் நம் ஓட்டு. யார் வரக்கூடாது என்று பார்த்துப் போட்டே பழகிவிட்டோம். இங்கே அமெரிக்காவில் அந்தப் பட்டியலையே வாக்காளர்தான் முடிவு செய்கிறார். டெக்சாஸில் கட்சியில் பதிந்திருக்கக்கூட வேண்டாம். வாக்குச்சாவடியில் எந்தக் கட்சி பிரைமரி என்று கேட்பார்கள், சொன்னால் போதும். நவம்பர் பொதுத்தேர்தலில் இரண்டே பேர் நிஜமாக மோதும்போது நானும் கணக்குப் பார்த்துத்தான் போடுகிறேன். பிரைமரியிலும் அதே கணக்கா என்பதுதான் கேள்வி.

2020-ல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் பிரைமரி நேரத்தில் ஒரு தோழி போன் செய்தாள். போட்டியில் இருந்த எலிசபெத் வாரனின் கூட்டங்களை விடாமல் பார்த்தவள், குழந்தைகள் காப்பகச் செலவு பற்றி வாரன் சொன்ன திட்டத்தை எனக்கே விளக்கியவள். "எனக்கு அவங்களைத்தான் பிடிக்கும் அக்கா. ஆனா ஒரு பொம்பளைக்கு இவங்க போடுவாங்களா? அதான் பைடனுக்குப் போடலாம்னு இருக்கேன்" என்றாள். 'இவங்க' யார்? எந்தப் பக்கமும் சாயக்கூடிய மிச்சிகனிலும் விஸ்கான்சினிலும் இருக்கும், அவள் ஒரு தடவைகூடப் பார்த்திராத வாக்காளர்கள். அவர்கள் மனதில் இருப்பதாக இவள் நினைத்துக்கொண்ட ஒரு தப்பெண்ணத்துக்கு, இவள் தன் ஓட்டைக் கொடுத்துவிட்டாள். இப்படி எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்? வாரன் தன் சொந்த மாநிலமான மாசசூசெட்ஸிலேயே மூன்றாவதாக வந்தார்.

பைடன் நவம்பரில் ஜெயித்தார், உண்மை. வேறொருவர் நின்றிருந்தால் தோற்றிருப்பார் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. 2004-ல் 'இவர்தான் புஷ்ஷைத் தோற்கடிப்பார், போர்முனை கண்டவர்' என்று சொல்லித்தான் ஜனநாயகக் கட்சியில் பலரும் ஜான் கெர்ரியைத் தேர்ந்தெடுத்தார்கள். தோற்றார். 2016-ல் டிரம்ப் பொதுத்தேர்தலில் ஜெயிக்கவே மாட்டார் என்று அவருடைய கட்சிப் பெரியவர்களே சொன்னார்கள். 'ஜெயிக்கக்கூடியவர்' என்ற கணிப்பின் லட்சணம் இது.

நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது ஒபாமாவும் ஹிலாரி கிளின்டனும் மோதிய 2008 பிரைமரியைத்தான். அதற்கு முந்தைய ஆண்டில் கறுப்பின வாக்காளர்களிலேயே கணிசமானவர்கள் ஹிலாரி பக்கம் இருந்தார்கள். ஒபாமாவைப் பிடிக்காமல் இல்லை. வெள்ளையர்கள் அவருக்கு ஓட்டுப் போடுவார்களா என்ற சந்தேகம் பலருக்கு. அவர்கள் வாழ்ந்து பார்த்த வாழ்க்கையிலிருந்து வந்த சந்தேகம் அது, அதைக் குறைசொல்ல எனக்கு அருகதை இல்லை. ஜனவரி 3 அன்று, அப்போது பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வெள்ளையராக இருந்த அயோவாவில் ஒபாமா ஜெயித்தார். ஜனவரி 26 அன்று தெற்கு கரோலினாவில் 55 சதவீதம் வாங்கினார், ஹிலாரிக்கு 27. அயோவாக்காரர்கள் எல்லோரும் 'நாடு ஏற்குமா' என்று கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நாடு ஏற்கும் என்பது யாருக்கும் தெரிந்தே இருக்காது. ஒருவர் மனசாட்சிப்படி போடும் ஓட்டுதான் அடுத்தவருக்கு ஆதாரம் ஆகிறது. எல்லோரும் அடுத்தவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் கணக்குப் போட எண்களே இருக்காது.

சரி, டெலவேர் மாநிலத்தில் ஜெயிக்கக்கூடியவரை ஒதுக்கிவிட்டுத் தோற்றார்களே, அது என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2010 செனட் தேர்தலுக்கான குடியரசுக் கட்சி பிரைமரியில் மைக் காசில் நின்றார். முன்னாள் ஆளுநர், மாநிலம் முழுவதும் பல முறை நின்று ஜெயித்தவர். கட்சிக்காரர்கள் அவர் மிதவாதி என்று தள்ளிவிட்டு கிறிஸ்டின் ஓ'டானலை நிறுத்தினார்கள். நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் கிறிஸ் கூன்ஸ் சுலபமாக ஜெயித்தார். கைக்கு எட்டிய இடம் போயிற்று. ஆனால் காசிலுக்கு ஆதரவாக இருந்தது யூகம் இல்லை, அதே மாநிலத்து மக்கள் திரும்பத் திரும்பப் போட்ட ஓட்டு. அப்படி ஒரு ஆதாரத்தை என் முன் வைத்தால் நானும் யோசிப்பேன். 'பெண்ணுக்குப் போட மாட்டாங்க', 'இந்தப் பேரை வச்சுக்கிட்டு எப்படி ஜெயிப்பார்' என்பதெல்லாம் ஆதாரம் இல்லை. நம் பிள்ளைகள் நாளைக்கு இந்த மண்ணில் நிற்கும்போது இதே வார்த்தையைத்தான் அவர்களைப் பற்றியும் சொல்வார்கள். அதைக் கேட்கத்தான் எனக்கு வயிறு எரிகிறது.

விதிகளைப் பார்த்துப் போடும் கணக்கு வேறு. அதில் எனக்குத் தகராறு இல்லை. ஜனநாயகக் கட்சியின் அதிபர் பிரைமரியில் 15 சதவீதத்தைத் தொடாதவருக்கு டெலிகேட், அதாவது கட்சி மாநாட்டில் அவருக்காக ஓட்டுப் போடும் பிரதிநிதி, கிடையாது. 2020-ல் டெக்சாஸில் முன்கூட்டியே ஓட்டுப் போடும் நாட்கள் பிப்ரவரி 28-ஓடு முடிந்தன. போட்டியில் இருந்த புட்டிஜெஜ் மார்ச் 1 அன்றும் க்ளோபுஷார் மறுநாளும் விலகினார்கள். மார்ச் 2 மாலை இருவரும் நம் டாலஸிலேயே பைடனுக்கு ஆதரவு சொன்னார்கள். அவர்களுக்கு முதல் வாரமே ஓட்டுப் போட்டிருந்தவர்கள் மாற்றிப் போட வழியில்லை. போட்டியில் நிறையப் பேர் இருந்தால் கடைசி நாள் வரை காத்திருங்கள் என்று நானே சொல்வேன்.

நியூயார்க் மாநகரில் இதற்கு நல்ல வழி கண்டிருக்கிறார்கள். ஐந்து பேர் வரை வரிசைப்படுத்திப் போடலாம். 2025 மேயர் பிரைமரியில் மம்தானியும் பிராட் லாண்டரும் 'என்னை முதலில் போடுங்கள், அவரை இரண்டாவதாகப் போடுங்கள்' என்று ஒருவருக்கொருவர் ஓட்டுக் கேட்டார்கள். ஆரம்பத்தில் கருத்துக்கணிப்புகளில் வெகு பின்னால் இருந்த மம்தானி ஜெயித்தார்.

டெக்சாஸில் வரிசைப்படுத்தும் வசதி இல்லை. ஆனால் அதிபர் பதவி தவிர்த்த மற்றப் பதவிகளுக்கான பிரைமரியில் பாதிக்கு மேல் யாரும் வாங்காவிட்டால் முதல் இருவருக்கு நடுவே ரன்ஆஃப் என்ற இரண்டாம் சுற்று உண்டு, வழக்கமாக மே மாதம். ஆகவே செனட்டுக்கோ ஆளுநருக்கோ மூன்று நான்கு பேர் நின்றால் முதல் சுற்றில் மனசுக்குப் பட்டவருக்கே போடலாம். அவர் தேறாவிட்டால் ரன்ஆஃபில் மிச்சமிருக்கும் இருவரைப் பார்த்து யோசிக்க இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. ஒரு கட்சி பிரைமரியில் போட்டவர் மற்றக் கட்சியின் ரன்ஆஃபில் போட முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அப்புறம், ரன்ஆஃபுக்கு வருகிற கூட்டம் பெரும்பாலும் குறைவுதான். முதல் சுற்றோடு வீட்டில் இருந்துவிடாதீர்கள்.