கிட் வண்டிதான், அதனால் என்ன?

மகள் எங்கள் ஊர் சோப் பாக்ஸ் டெர்பியில் (எஞ்சின் இல்லாத வண்டியில் பிள்ளைகள் சரிவில் இறங்கும் பந்தயம்) ஓடப்போகிறாள் என்று வண்டியோடு படம் போட்டிருந்தேன். (ஒஹாயோவில் இருந்துகொண்டு இதில் சேராமல் இருப்பது கஷ்டம்.) "கிட் வண்டியா? தயாராக வரும் பாகங்களைப் பூட்டிச் சேர்ப்பதில் என்ன சாமர்த்தியம்? அந்தக் காலத்தில் பிள்ளைகளே பலகை அறுத்துச் செய்வார்கள்" என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார்.

உண்மைதான், அப்படித்தான் தொடங்கியது. 1933-ல் இதே ஒஹாயோவில் உள்ள டேட்டன் நகரில் பையன்கள் கிடைத்ததை வைத்து வண்டி செய்து சரிவில் விட்டதை மைரன் ஸ்காட் என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர் பார்த்தார். அடுத்த வருடமே தேசியப் போட்டி. 1935-ல் அது ஒஹாயோவின் இன்னொரு நகரமான ஆக்ரனுக்குப் போனது. எஞ்சின் கிடையாது, பெடல் கிடையாது, சரிவுதான் இழுக்கும்.

ஆனால் பிள்ளைகளேவா எல்லாம் செய்தார்கள்? 1973-ல் சாம்பியன் பட்டம் வாங்கிய 14 வயதுப் பையனின் வண்டி மூக்குக்குள் மின்காந்தம் இருந்தது. ஓட்டம் தொடங்க, வண்டியைத் தடுத்து நிறுத்தியிருக்கும் இரும்புத் தகடு முன்னால் சாயும்போது வண்டியையும் சேர்த்து இழுத்துவிடும். தலையைப் பின்னால் சாய்த்தால் சுவிட்ச் வேலை செய்யும். எக்ஸ்ரே எடுத்துக் கண்டுபிடித்தார்கள், பட்டம் போனது. பின்னணியில் இருந்தவர் பையனின் சொந்தக்காரப் பெரியவர். பிள்ளையின் வண்டியில் பெரியவர்கள் போட்டி போட்டால் இதுதான் நடக்கும்.

கிட் வந்ததால் அந்த ஓட்டை கொஞ்சம் அடைபட்டது. புதிதாக வருகிறவர்களுக்கான ஸ்டாக் பிரிவில் எல்லோருக்கும் ஒரே மாதிரி பாடி, ஒரே மாதிரி சக்கரம். ஒல்லிப் பிள்ளை என்றால் எடைக்கட்டி வைத்து ஈடுகட்டலாம். எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொன்று: ஒரு ஓட்டம் முடிந்ததும் அதில் மோதிய இரண்டு பேரும் லேனையும் சக்கரத்தையும் மாற்றிக்கொண்டு மறுபடி ஓடுவார்கள். இரண்டு ஓட்டத்தின் நேர வித்தியாசத்தையும் சேர்த்துத்தான் முடிவு. 'அவனுக்கு நல்ல சக்கரம்' என்று எந்த அப்பாவும் புலம்ப முடியாது.

அப்புறம் மிஞ்சுவது என்ன? அச்சு நேராக இருக்கிறதா, எடை எங்கே உட்கார்கிறது, ஸ்டீயரிங்கை ஆட்டாமல் பிடிக்க முடிகிறதா. இதெல்லாம் சின்ன விஷயமில்லை. எங்கள் வீட்டில் ஸ்பானர் மகளிடம், டார்ச் அப்பாவிடம். "இங்கே குடும்மா, நான் முறுக்குறேன்" என்று அவர் கை நீட்டாத நாள் இல்லை. அவள் கொடுப்பதாயில்லை.

பெண் பிள்ளைகளை 1971-ல்தான் இதில் சேர்த்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1975-லேயே 11 வயதுச் சிறுமி ஒருத்தி ஆக்ரனில் ஜெயித்துவிட்டாள்.

கிட் விலை அதிகம் என்று சொல்லுங்கள், சரி, ஒத்துக்கொள்கிறேன். அதற்குத்தான் ஸ்பான்சர் தேடுகிறார்கள், பழைய வண்டியைக் கைமாற்றி வாங்குகிறார்கள். எங்கள் வண்டியும் அப்படி வந்ததுதான். முந்தைய சொந்தக்காரப் பையன் ஒட்டிய டைனோசர் ஸ்டிக்கரை எடுக்கக்கூடாது என்று மகள் சொல்லிவிட்டாள்.