டிவியில் பார்த்தால் நாடகம் இல்லையாம்

சனிக்கிழமை நம் இலக்கியக் கூட்டத்தில் நடந்ததைத்தான் சொல்கிறேன். வந்திருந்தவர்களுக்குத் தெரியும். "அண்ணே, படிக்காம டிவியில பாத்துட்டு ஷேக்ஸ்பியரைப் பத்திப் பேசாதீங்க" என்று, நான் கூட்டிக்கொண்டு வந்த தம்பி ஒருவர் மைக்கில் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான் நான் சொன்னது. 'தி ஹாலோ கிரவுன்', ஷேக்ஸ்பியரின் ராஜா நாடகங்களைப் படமாக்கிய டிவி தொடர், 2012-இல் பிபிசியில் வந்தது, இரண்டாம் ரிச்சர்டில் தொடங்கி ஐந்தாம் ஹென்றி வரை நான்கு படங்கள். சிங்கப்பூரில், ஈசூன் வீட்டில் அம்மாவோடு உட்கார்ந்து, கீழே எழுத்து ஓடவிட்டு, புரியாத இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அம்மாவுக்கு ஆங்கிலமே தெரியாது. ரிச்சர்ட் ராஜா குரங்கைக் கொஞ்சிக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் "இவன் உருப்பட மாட்டான்" என்றார். ராஜாவின் சித்தப்பா காண்ட் கிழவர் செத்த கையோடு அவர் சொத்தையெல்லாம் ராஜா எடுத்துக்கொண்டபோது, "பொணம் இன்னும் வாசல் தாண்டல, அதுக்குள்ள பாத்திரம் பண்டத்தை எண்ணுறான் பாரு!" இதைவிட என்ன புரிய வேண்டும்?

டிவியில் நாடகத்தை வெட்டிச் சுருக்கிவிட்டார்களாம். சுருக்கினார்கள்தான். ஷேக்ஸ்பியர் மட்டும் என்ன? நாடகத்தில் கலகம் செய்யும் ஹாட்ஸ்பர், நிஜத்தில், பின்னால் ஐந்தாம் ஹென்றியாகும் இளவரசன் ஹாலைவிட இருபது வயதுக்கு மேல் மூத்தவர், ஹாலின் அப்பாவுக்கே மூத்தவர். இரண்டு பேரையும் ஒரே வயது இளவட்டங்களாக்கி மோதவிட்டவர் ஷேக்ஸ்பியர். அவர் செய்தால் இலக்கியம், டிவிக்காரன் செய்தால் கொலை, அப்படித்தானே? மேடையில்தான் பார்க்க வேண்டுமாம். சரி, லண்டனுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுங்கள், போகிறேன்.

பிடித்திருந்தது என்று சொல்ல யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? அதுவும் இந்தத் தம்பியிடமா? இருபது வருஷத்துக்கு முன்னால் தேக்காவில் தே ஓ (பாலில்லாத டீ) வாங்கிக் கொடுத்து, முதல் கூட்டத்துக்குக் கையோடு அழைத்துப் போனது நான். முதல் கவிதையைத் திருத்தியது யார் என்று நான் சொல்ல மாட்டேன்.

படத்தில் ஒரு காட்சி. ஹால் முடிசூடி வருகிறான். கூட்டத்தை இடித்துக்கொண்டு அவனுடைய பழைய குடித்தோழர், கிழவர் ஃபால்ஸ்டாஃப் ஓடி வருகிறார், நம்ம பையன் ராஜாவாகிவிட்டான் என்று. யாரோ ஒரு கிழவனிடம் பேசுவதுபோல் பேசி விரட்டிவிடுகிறான். அப்போது ஃபால்ஸ்டாஃபாக நடித்த சைமன் ரசல் பீல் முகத்தைப் பார்க்க வேண்டும். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

டிவியில் பார்த்ததால்தான் நேற்று நூலகத்தில் அந்த நாடகப் புத்தகத்தையும் எடுத்தேன், தம்பிக்குத் தகவலுக்காகச் சொல்கிறேன். அதில், விரட்டப்பட்ட பிறகும் ஃபால்ஸ்டாஃப் பக்கத்தில் நிற்பவரிடம், ஊருக்காகத்தான் அப்படிப் பேசினான், ராத்திரி தனியாகக் கூப்பிட்டு அனுப்புவான் என்கிறார்.

நானும் இரண்டு நாளாக போனைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.