மின்சிகரெட்டில் (வேப்) காந்தால் கம்பியில் டெம்பரேச்சர் கண்ட்ரோல் நடக்காது
மின்சிகரெட்டில் திரவத்தைச் சூடாக்கும் காயிலை எந்தக் கம்பியில் சுற்றினாலும் டெம்பரேச்சர் கண்ட்ரோல் (காயிலின் சூட்டைக் குறித்த அளவில் நிறுத்தும் வசதி) வேலை செய்யும் என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு, தயவுசெய்து யாரும் அதை நம்ப வேண்டாம். காயிலைத் தொட்டுப் பார்க்கும் வெப்பமானி எதுவும் உள்ளே கிடையாது. சூடேறும்போது கம்பியின் மின்தடை எவ்வளவு கூடுகிறது என்பதை வைத்துத்தான் கருவி வெப்பநிலையைக் கணக்கிடுகிறது. இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த உலோகமான காந்தாலில் அந்த மாற்றம் கிட்டத்தட்ட பூஜ்யம். நிக்கலில் 200 டிகிரி செல்சியஸ் ஏறினால் மின்தடை இரண்டு மடங்கைத் தாண்டிவிடும், 316எல் என்ற வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் கூடும், அதனால் காயிலைப் பிடித்திருக்கும் திருகு கொஞ்சம் தளர்ந்திருந்தாலே கணக்கு கெட்டுவிடும்.

அப்புறம், புதுக் காயிலின் மின்தடையை அது முழுதாக ஆறிய பிறகே கருவியில் பதியுங்கள். சூட்டோடு பதிந்தால் கருவி அதையே குளிர்நிலை என்று எடுத்துக்கொண்டு, திரையில் காட்டுவதைவிட அதிகமாகச் சூடாக்கி, திரவம் ஊறியிருக்கும் பஞ்சைக் கருக்கிவிடும்.